‘சின்னக் கம்பெனி’ என்று இனிச் சொல்லாதே!

“நம்மளது சின்னக் கம்பெனிண்ணே, அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது.”

துபாய் தேராவிலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும், மஸ்கட் ரூவியிலும் குவைத் ஹவல்லியிலும், மனாமாவின் சந்துகளிலும் நம் பிள்ளைகள் ஐடி பொறுப்பில் இருக்கும் அலுவலகங்களில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. அமீரகத்தில் வாட் ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 28-ஆம் தேதி, கணக்கு மென்பொருளான டேலி நின்று நின்று நகர்கிறது. டிசைனர் ஒரு ஃபைலைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு, அது முடிவதற்குள் கஃபட்டீரியா போய்ச் சாயா குடித்துவிட்டு வருகிறார். கிடங்கிலிருந்து ஸ்டாக் கேட்டவருக்குத் திரையில் வட்டம்தான் சுற்றுகிறது. ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டால் மட்டும் பதில் சட்டென்று வந்துவிடுகிறது: சின்னக் கம்பெனி.

தம்பி, தங்கச்சி, இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்! உங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் இருக்கலாம், பன்னிரண்டு பேர் இருக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரின் நேரமும் நேரம்தான். அவர்கள் ஊரில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்த நேரத்தில் இருந்துதான் பிறக்கிறது. அதைச் சுற்றும் வட்டத்துக்குப் பலி கொடுக்க உனக்கும் எனக்கும் உரிமை இல்லை. பத்து ஆண்டுக்கு முன் வங்கிகளும் விமான நிறுவனங்களும் வைத்திருந்த வேகம் இன்று சில நூறு திர்ஹத்தில் கடையில் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளக் கை நீட்ட வேண்டியது நீதான்.

1973-ல் நடந்த இரண்டு தொடக்கங்கள்

ராபர்ட் மெட்கால்ஃப் என்ற இளைஞர் 1972-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். கோட்பாட்டு ஆழம் போதாது என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். நம்மில் பலர் அந்த இடத்திலேயே ஊரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தார். ஹவாய்த் தீவுகளை ரேடியோ அலையால் இணைத்த அலோஹாநெட் என்ற வலையைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று குடைந்து பார்த்தார். அந்தக் கணக்கைச் சேர்த்து ஆய்வேட்டைத் திருத்தினார். 1973-ல் பட்டமும் வாங்கினார்.

அதே 1973-ஆம் ஆண்டு மே 22 அன்று அவர் ஒரு குறிப்பை எழுதினார். கணினிகளை ஒரே கம்பியில் கோத்துப் பேசவைக்கும் வழியை அதில் விளக்கினார். அதுதான் ஈதர்நெட். டேவிட் பாக்ஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் ஓட்டிக் காட்டியபோது அதன் வேகம் நொடிக்கு வெறும் 2.94 மெகாபிட். நாம் இன்று பேசப்போகும் 10 ஜிகாபிட் அதைப்போல் 3,400 மடங்கு. கணினித் துறையின் 2022-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் மெட்கால்ஃபைத் தேடி வந்தது. உன் சர்வரின் பின்னால் செருகியிருக்கிறதே, அந்தக் கேபிளின் வரலாறு திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேட்டைத் திருத்த உட்கார்ந்தவரின் மேசையில் தொடங்குகிறது!

அதே 1973-ல்தான் கீழக்கரையில் பிறந்த பி. எஸ். அப்துர் ரஹ்மான் துபாயில் எமிரேட்ஸ் டிரேடிங் ஏஜென்சிக்கு வித்திட்டார். நம் மக்கள் ‘ஈ.டி.ஏ.’ என்று வாய்நிறையச் சொன்ன நிறுவனம் அது. அமீரகம் ஒரு நாடாகி இரண்டு ஆண்டுகூட நிறைந்திராத காலம். ராமநாதபுரம் கடற்கரையின் ஒரு சிற்றூர்க்காரர் அங்கே போய்க் கால் ஊன்றினார். பின்னாளில் ஆயிரக்கணக்கான தமிழர்களின் முதல் வளைகுடாச் சம்பளம் அந்த வாசல் வழியே ஊருக்குப் போனது. எல்லாப் பெரிய கம்பெனியும் ஒரு காலத்தில் சின்னக் கம்பெனியாகத்தான் இருந்தது. சின்னதாக இருந்த நாளிலேயே பெரிதாக வேலை செய்ததால் அது வளர்ந்தது.

மலிவு என்றால் மட்டம் என்று யார் சொன்னது?

“பழைய நெட்வொர்க் கார்டு வாங்கிப் போடுவதா? செகண்ட் ஹேண்டா?” என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு வரலாறு.

1994-ல் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் இருவருக்கும் அசுர வேகக் கணினி ஒன்று தேவைப்பட்டது. சூப்பர் கணினியின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. 50,000 டாலருக்குள் முடிக்க வேண்டும் என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொண்டார்கள். கடையில் விற்கும் 486 வகைச் சில்லுகள் 16-ஐ எடுத்து, சாதாரண ஈதர்நெட்டால் பிணைத்தார்கள். அன்றைய 10 மெகாபிட் வேகம் போதவில்லை. விலை உயர்ந்த வலைக்கருவி வாங்கப் பணம் இல்லை. அதனால் ஒவ்வொரு கணினியிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு கார்டு போட்டு, இரண்டு பாதையையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்ட லினக்ஸில் நிரல் எழுதினார்கள். பெவுல்ஃப் என்று பெயர் வைத்த அந்த ஏற்பாடு உலகத்துக்கே வழிகாட்டியது. தனித்தனிக் கணினிகளை வலையால் பிணைத்துச் சூப்பர் கணினி கட்டும் முறைதான் இன்று எங்கும் நிற்கிறது.

ஈதர்நெட்டின் வெற்றியும் இப்படித்தான். 1980-களில் ஐபிஎம் தன் பெயர் பலத்தோடு டோக்கன் ரிங் என்ற வலையைக் கொண்டுவந்தது. ஈதர்நெட் விலை குறைந்தது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று தரநிலை திறந்திருந்தது. டோக்கன் ரிங் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈதர்நெட் உன் மேசைக்கடியில் இருக்கிறது. குறைந்த விலையில் நிறைந்த வேலை வாங்குவது அறிவாளியின் வேலை. அதற்கு வெட்கப்படாதே, நெஞ்சை நிமிர்த்திச் செய்!

முதலில் அள!

பணத்தை எடுக்கும் முன் அளவுகோலை எடு. வளைகுடாவில் நான் மீண்டும் மீண்டும் காணும் காட்சி இது. அலுவலகம் மெதுவாக ஓடினால், முதலாளி உடனே பெரிய இன்டர்நெட் பேக்கேஜ் எடுத்துவிடுகிறார்.

“தம்பி, மாசாமாசம் இவ்வளவு கட்டுறோம். அப்புறமும் ஏன் சுத்திக்கிட்டே கெடக்கு?”

“முதலாளி, அது வெளியே போற லைன். நம்ம டேலியும் டிராயிங்கும் இருக்குறது உள்ள, அந்த ரூம்ல இருக்குற சர்வர்ல. உள்ள ஓடுற கம்பியை நாம இன்னும் பாக்கவே இல்ல.”

இந்த மூன்று வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். வீடுவரை, அலுவலகம்வரை ஃபைபர் கொண்டுசெல்வதில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அமீரகம். வாசல்வரை வந்த வேகம் உள்ளே ஏன் தடுமாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது உன் கடமை.

ஒரு சின்னக் கணக்கை மனப்பாடம் செய்துகொள். வலையின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். ஃபைலின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். மெகாபிட்டை எட்டால் வகுத்தால் மெகாபைட். 1 ஜிகாபிட் வலையில் நொடிக்கு 125 மெகாபைட் போகலாம்; நடைமுறையில் 110-க்குச் சற்று மேலே கிடைக்கும். 100 மெகாபிட் வலையில் 11 மெகாபைட்தான். 4 ஜிகாபைட் டிசைன் ஃபைல் ஒன்று 100 மெகாபிட்டில் வந்து சேர ஆறு நிமிடம். ஜிகாபிட்டில் 36 நொடி. 10 ஜிகாபிட் வலை, சர்வரிலும் மேசைக் கணினியிலும் சாதாரண எஸ்எஸ்டி என்றால் ஏறத்தாழ எட்டு நொடி. ஆறு நிமிடமும் எட்டு நொடியும் ஒன்றா?

இனி மூன்று இடத்தில் கை வை. சர்வரின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நெரிசல் நேரத்தில் டிஸ்க் நூறு சதவீதத்தில் முட்டுகிறதா, நெட்வொர்க் முட்டுகிறதா என்று பார். டிஸ்க் முட்டினால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. சர்வரில் பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு பத்து ஜிகாபிட் கார்டு போட்டால் ஒரு பயனும் இல்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் துண்டு துண்டாக நிறையப் படித்து எழுதும். அவற்றுக்கு எஸ்எஸ்டிதான் முதல் மருந்து. அடுத்து ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைச் சர்வரிலும் ஒரு மேசைக் கணினியிலும் போட்டு ஓட்டு. கம்பி எவ்வளவு சுமக்கிறது என்று அது எண்ணால் சொல்லிவிடும். ஜிகாபிட் வலையில் 940 மெகாபிட் அளவில் காட்டினால் கம்பி நலம். 94 என்று காட்டினால்? துள்ளிக் குதி! பத்து மடங்கு வேகம் உனக்காக இலவசமாகக் காத்திருக்கிறது.

காசில்லாமல் கிடைக்கும் பத்து மடங்கு

ஆம், இலவசமாக. ஜிகாபிட் ஓடக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் நலமாக இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று பிளக்கில் சரியாகக் கடிக்காவிட்டாலும் சுவிட்சும் கணினியும் பெரும்பாலும் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். யாருக்கும் சொல்லாது, எச்சரிக்கையும் வராது. ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கணினியிலும் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திற. ‘லிங்க் ஸ்பீடு’ என்ற வரியில் 1000/1000 என்று இருக்கிறதா, 100/100 என்று இருக்கிறதா? ஒரு தாளில் எழுதிக்கொண்டே போ. 100 என்று காட்டும் மேசையில் குனிந்து பார். மூன்றில் ஒன்று அங்கே இருக்கும். நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிள் ஒன்று. எப்போதோ, யாரோ, ஒரு நாளைக்கென்று போட்டு மறந்துபோன 100 மெகாபிட் குட்டி சுவிட்ச் இன்னொன்று. மூன்றாவது, நம் வளைகுடா அலுவலகங்களில் நிறைய உண்டு: சுவரிலிருந்து வரும் கேபிள் முதலில் ஐபி போனுக்குப் போய், போனிலிருந்து கணினிக்கு வரும். பழைய ஐபி போன் பலவற்றின் போர்ட் 100 மெகாபிட்தான். கணினி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தப் போன் அதன் கழுத்தைப் பிடித்திருக்கும்! கணினிக்குத் தனிக் கேபிள் போடு. முடிந்தது.

கேமராக்களையும் மறக்காதே. துபாயில் பல வகைக் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கண்காணிப்பு கேமரா விதிப்படி கட்டாயம். ஒரு கேமரா 4 மெகாபிட் என்றால் 16 கேமரா 64 மெகாபிட். இரவும் பகலும் ஓயாமல் ஓடும். அது கணக்குப் பிரிவின் பாதையிலேயே ஓட வேண்டுமா? தனி சுவிட்ச் கொடு, அல்லது விலான் போட்டுப் பிரித்துவிடு.

கிரிம்பிங் கருவி ஒன்று, கேபிள் டெஸ்டர் ஒன்று, ஒரு பொட்டலம் பிளக். இவ்வளவுதான் இந்தக் கட்டத்தின் செலவு. இதைச் செய்யாமல் பெரிய கருவிக்கு விலைப்புள்ளி வாங்காதே.

எங்கே தேவையோ அங்கே மட்டும்

கல்யாண வீட்டில் அண்டா நிறையச் சாம்பார் இருக்கிறது, பந்தியில் நூறு பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஊற்றுவதற்கு ஒரே ஒரு கரண்டி. இதுதான் ஜிகாபிட் சர்வரின் நிலை. ஒவ்வொரு மேசைக்கும் 1 ஜிகாபிட் இருக்கிறது. சர்வருக்கும் அதே 1 ஜிகாபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்குப் 11 மெகாபைட்டுக்கு வந்து நிற்கும். எல்லோர் இலையையும் பெரிதாக்குவதில் பொருள் இல்லை. கரண்டியைப் பெரிதாக்கு! சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் அந்த ஒரு கம்பியைத் தடிமனாக்கு. மற்ற மேசைகள் இருந்தபடி இருக்கட்டும். சின்ன நிறுவனத்தின் பட்ஜெட்டைக் காப்பாற்றும் சூத்திரம் இதுதான்.

படிப்படியாக ஏறு.

முதல் படி: உன் சர்வரின் பின்பக்கம் பார். பெரும்பாலும் இரண்டு ஜிகாபிட் போர்ட் இருக்கும். ஒன்று சும்மா கிடக்கும். சுவிட்ச் மேனேஜ்டு வகையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டு. பெவுல்ஃபில் செய்தார்களே, அதே வித்தை. ஒரே ஆளுக்கு வேகம் கூடாது. பல பேர் ஒன்றாக இழுக்கும்போது இரண்டு பாதையிலும் பிரிந்து ஓடும்.

இரண்டாம் படி: 2.5 ஜிகாபிட். 2016-ல் வந்த தரநிலை இது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர்வரை ஓடும். சுவரை உடைக்க வேண்டாம், கட்டட உரிமையாளரிடம் அனுமதிக்கு நிற்க வேண்டாம். கார்டும் சுவிட்சும் மாற்றினால் போதும். டிசைனருக்கும் வீடியோ எடிட்டருக்கும் இதுவே பெரிய விடுதலை.

மூன்றாம் படி: 10 ஜிகாபிட். இங்கேதான் பலரும் விலையைக் கேட்டு மிரள்கிறார்கள். மிரளாதே! பெரிய டேட்டா சென்டர்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டன. அவர்கள் கழற்றிய இன்டெல் எக்ஸ்520, மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 போன்ற கார்டுகள் பழைய பொருள் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. சர்வரும் நாஸ் என்ற வலைச் சேமிப்புப் பெட்டியும் ஒரே ரேக்கில் இருந்தால் சுவிட்ச்கூட வேண்டாம். ஆளுக்கொரு கார்டு, நடுவில் டிஏசி என்ற, இரு முனையிலும் பிளக்கோடு வரும் குட்டைக் கேபிள் ஒன்று. இரண்டுக்கும் தனி வரிசையில் ஒரு ஐபி முகவரி. பத்து ஜிகாபிட் உன் வீட்டுக்கு வந்துவிட்டது! இன்னும் இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டுமா? லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனம் நான்கு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் கொண்ட சின்ன சுவிட்ச் ஒன்றை 200 டாலருக்குள் விற்கிறது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று 1997 முதல் கட்டி வைத்த மதிப்பு இது. டாலர் ஏறி இறங்கி நீ போடும் பட்ஜெட் நாளைக்கு மாறப்போவதில்லை. இரண்டு பழைய கார்டு, டிஏசி கேபிள், அந்தச் சுவிட்ச் எல்லாம் சேர்த்து 2,000 திர்ஹத்துக்குள் முடிக்க வழி உண்டு.

வாங்கும் முன் மூன்று கேள்வி கேள். தாய்ப்பலகையில் நான்கு பாதையாவது ஓடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறதா? உன் விண்டோஸ் அல்லது லினக்ஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா? ஒரு கார்டு கூடுதலாக வாங்கி அலமாரியில் வைக்கப் பணம் ஒதுக்கினாயா? பழைய பொருளுக்கு வாரண்டி இல்லை. அலமாரியில் இருக்கும் அந்தக் கூடுதல் கார்டுதான் உன் வாரண்டி.

வெயிலும் தூசியும் அலுமினியமும்

நம் ஊர் யூடியூப் காணொலியில் சொல்லாத சில விஷயங்கள் வளைகுடாவில் உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் வெட்டவெளி வேலைக்கே அமீரகத்தில் சட்டப்படி தடை. அந்த வெயிலில், வார விடுமுறைக்குக் கட்டடத்தின் ஏசியை அணைத்துவிட்டால் உன் சர்வர் அறை என்ன ஆகும்? டேட்டா சென்டர் கார்டுகள் ரேக் சர்வரின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்தவை. சாதாரண டவருக்குள் வைத்தால் கொதிக்கும். பத்துப் பதினைந்து திர்ஹத்துக்கு ஒரு சின்ன விசிறி வாங்கி, கார்டின் வெப்பத்தகட்டின் மேல் காற்று படுமாறு பொருத்து. செப்புக் கேபிளில் 10 ஜிகாபிட் ஓட்டும் ஆர்ஜே45 மாட்யூல்கள் இன்னும் சூடாகும். பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் நெருக்கி வைக்காதே. மாதம் ஒரு முறை தூசி துடை.

கேபிள் வாங்கும்போது கண்ணை மூடாதே. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு துண்டு வெட்டி, உள்கம்பி ஒன்றைக் கத்தியால் சுரண்டு. செம்பு நிறம் கடைசிவரை இருந்தால் வாங்கு. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டு. புது அலுவலகத்துக்குக் கேபிள் இழுக்கிறாய் என்றால் கேட் 6ஏ போடு. பத்து ஜிகாபிட் 100 மீட்டர்வரை ஓடும். கேட் 6 என்றால் 55 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்.

எங்கே வாங்குவது? பர் துபாய் காலித் பின் அல் வலீத் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கு. ரியாத் என்றால் ஒலயா கணினிச் சந்தை, குவைத் என்றால் ஹவல்லி. நாலு கடையில் விலை கேட்கக் கூச்சப்படுபவன் நாற்பது விழுக்காடு இழக்கவும் தயாராக இருக்க வேண்டும். கேட்பதில் என்ன கூச்சம்? நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்து அரபு வணிகரோடு விலை பேசியவர்கள்!

முதலாளியிடம் நிமிர்ந்து பேசு

“நெட்வொர்க் ஸ்லோ சார்” என்று சொல்லாதே. அது புலம்பல். கணக்காகச் சொல். பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மாதம் 26 வேலை நாள். மொத்தம் 65 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால், எட்டு நாளுக்கு மேல் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஒவ்வொரு மாதமும்! இந்தக் கணக்கை உன் அலுவலகத்தின் உண்மை எண்களோடு ஒரே தாளில் எழுது. இடப்பக்கம் இழப்பு, வலப்பக்கம் செலவு, கீழே எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று ஒரு வரி. வணிகம் செய்யும் மனிதருக்கு அந்த ஒரு வரி போதும்.

அடுத்த தாளில் பேக்கப் கணக்கைக் காட்டு. 2 டெராபைட் தரவை 100 மெகாபிட்டில் நகலெடுக்க ஏறத்தாழ 50 மணி நேரம். ஜிகாபிட்டில் ஐந்து மணி நேரம். பத்து ஜிகாபிட்டில், இரு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால் ஒரு மணிக்குச் சற்று மேலே. ஐம்பது மணி நேரம் பிடிக்கும் பேக்கப்பை எவரும் எடுப்பதில்லை என்பதுதான் உண்மை. ஒரு ரான்சம்வேர் வைரஸ் நுழைந்தால் அந்த நிறுவனத்தின் கதை அன்றோடு முடியும். அமீரகத்தில் கார்ப்பரேட் வரிக்கான ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சவூதியில் மின் ரசீது 2021 டிசம்பர் 4 முதலே கட்டாயமாகிவிட்டது. அமீரகமும் 2026 ஜூலையில் முன்னோட்டமாகத் தொடங்கிப் படிப்படியாக அந்த வழிக்கு வருவதாக அறிவித்திருக்கிறது. தரவு பெருகத்தான் போகிறது. வலையை வலுவாக்குவது தொழிலைக் காப்பாற்றுகிற வேலை என்று அழுத்திச் சொல்.

“எல்லாம் கிளவுடுக்குப் போயிருச்சே தம்பி, இது எதுக்கு?” என்று ஒருவர் கேட்பார். மெயிலும் சிறு ஆவணங்களும் போகட்டும், நல்லது. கனமான டிராயிங்கும் வீடியோவும் தினம் புரளும் கணக்கும் உள்ளேயே வேகமாக ஓடட்டும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது வளைகுடாவும் இந்தியாவும் சேர்ந்தே திணறின. 2025 செப்டம்பரில் செங்கடல் கேபிள்கள் அறுந்தபோதும் அமீரகத்தில் இணையம் தள்ளாடியது. கடலுக்கடியில் நடப்பது உன் கட்டுப்பாட்டில் இல்லை. உன் அலுவலகச் சுவருக்குள் நடப்பது முழுக்க உன் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உன்னைத் தடுப்பது எது?

“நான் டிப்ளமோதான் படிச்சேன்.” “எனக்கு சிசிஎன்ஏ சர்ட்டிபிகேட் இல்ல.” “தப்பாப் போயிட்டா விசா போயிரும்.”

அந்த அச்சம் எனக்குப் புரியும். வளைகுடாவில் வேலையும் விசாவும் ஒன்றோடொன்று முடிச்சிட்டவை. அதனால்தான் சொல்கிறேன்: துணிச்சலோடு ஒழுங்கையும் சேர்த்துக்கொள். வேலை தொடங்கும் முன் முழு பேக்கப் எடு. அதைத் திறந்தும் பார். விடுமுறை நாளில் செய். பழைய கேபிளைப் பிடுங்காதே, பக்கத்திலேயே இருக்கட்டும். புதியது தகராறு செய்தால் ஐந்தே நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுது. முன்னும் பின்னும் எடுத்த அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வை. இப்படிச் செய்பவனுக்கு அச்சம் எதற்கு? சான்றிதழ் இருந்தும் அளக்காதவனைவிட, சான்றிதழ் இல்லாமல் அளந்து செய்பவன் பல மடங்கு உயர்ந்தவன். அந்த நோட்டே நாளை உன் அடுத்த நேர்காணலில் நீ எடுத்து வைக்கும் சான்றிதழ்.

தஞ்சை மண்ணில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோழர்களோடு தொடங்கிய நிறுவனம் முதலில் விற்றது எதை? நெட்வொர்க்கைக் கண்காணித்து மேலாண்மை செய்யும் மென்பொருளை! வெளி முதலீட்டாளரிடம் கை நீட்டாமல், வந்த வருமானத்திலேயே வளர்ந்து, இன்று ஸோஹோ என்று உலகம் அறியும் நிறுவனமானது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து உலகத்துக்கே மென்பொருள் செய்கிறார்கள். நெட்வொர்க் என்பது நம் ஆட்களுக்கு எட்டாத துறை என்று இனி எவராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். “ரேக் ரூம் பக்கம் பொம்பளப் பிள்ளை எதுக்கு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஐபெர்ஃப்3 காட்டும் எண்ணுக்கு ஆண் பெண் தெரியாது. அந்த எண்ணை அவர்கள் முன் வை.

இனி எழுந்து நில்! இந்த வாரமே எல்லா மேசையின் லிங்க் ஸ்பீடையும் எழுதி முடி. 100 என்று காட்டும் கேபிளை எல்லாம் வார விடுமுறைக்குள் மாற்று. அடுத்த வாரம் அந்த ஒரு தாளோடு முதலாளியின் அறைக் கதவைத் தட்டு. இல்லை என்று சொன்னால் இலவசமாகச் செய்து முடித்ததன் அளவைக் காட்டி, அடுத்த மாதம் மீண்டும் தட்டு. சரி என்று சொன்னால் ஒரு கார்டு, ஒரு கேபிள், ஒரு பாதை என்று தொடங்கு. ஓடவைத்துக் காட்டிவிட்டு அடுத்ததைக் கேள். வேலை முடிந்ததும் பக்கத்துக் கடையில் உன்னைப்போல் தனியாகப் போராடும் நம் பையனுக்கும் சொல்லிக்கொடு. அறிவு இருக்கிறது, கருவி மலிந்து கிடக்கிறது, கை உன்னுடையது. எடு கிரிம்பிங் கருவியை, தொடங்கு!